இறாலின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

புரட்டாசி மாதம் முழுக்க நம்மில் பலர் வீட்டில் அசைவம் கிடையாது. சனிக்கிழமைகளில் சிராங்கூன் சாலை பெருமாள் கோவிலில் வரிசை நீளும். மாதம் முடிந்த மறுநாள் தேக்கா ஈரச்சந்தைக்குப் போய்ப் பாருங்கள். மீன் கடைகளில் கூட்டம் நெரியும். அதிலும் இறால் இருக்கும் கடைக்குத் தனிக் கூட்டம். ஒரு மாதம் காத்திருந்த நாக்குக்கு முதலில் வேண்டியது சம்பல் இறாலோ, அம்மா வைக்கும் இறால் தொக்கோதான். இதைக் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீடும் அப்படித்தான்.

நம் இளையர் கூட்டங்களில் உணவைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே கேள்வியில் போய் நிற்கும்: சைவமா, அசைவமா? ஒரு பக்கம் அகிம்சை, கர்மா என்பார்கள். இன்னொரு பக்கம் எங்கள் குலதெய்வத்துக்கே கிடா வெட்டுகிறோம் என்பார்கள். ஒரு மணி நேரம் ஓடிவிடும். யாரும் யாரையும் மாற்றியதாக எனக்கு நினைவில்லை.

அந்த வாதத்தை இங்கே நான் தொடரப் போவதில்லை. அதற்குப் பக்கத்திலேயே இருந்தும் நாம் அதிகம் தொடாத ஒரு கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். அந்த இறால் செத்தது பாவமா என்பது ஒரு கேள்வி. அது வளர்ந்த குட்டைக்குப் பக்கத்து வயலும் கிணறும் என்ன ஆயின, அதற்கு நான் ஏதாவது பொறுப்பா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குச் சைவமாக மாறி ஒருவர் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது அவ்வளவு சுலபமாக விடுவதில்லை.

குட்டையில் என்ன நடக்கிறது?

நான் படிப்பது சிவில் பொறியியல். அதனால் முதலில் குட்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

உலகில் மனிதர் சாப்பிடும் இறாலில் பாதிக்கு மேல் இன்று கடலில் பிடித்தது அல்ல, பண்ணையில் வளர்த்தது. அதில் பெரும்பங்கு வெள்ளைக்கால் இறால். இந்தியாவில் வனாமி என்பார்கள். இதன் பூர்வீகம் லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரை. இந்தியாவில் 2009-இல் இதை வளர்க்க அனுமதி கிடைத்தது. அதற்கு முன் அங்கே கொடிகட்டிப் பறந்தது கறுப்பு வரி இறால். 1990-களின் நடுவில் வெண்புள்ளி நோய் வந்து கிழக்குக் கரைப் பண்ணைகளை அது புரட்டிப் போட்டது.

வனாமிக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். 28-லிருந்து 32 டிகிரி இருந்தால் நன்றாக வளரும். மூன்று நான்கு மாதத்தில் அறுவடை. இந்திய விதிப்படி ஒரு சதுர மீட்டருக்கு 60 குஞ்சு வரை விடலாம். நம் சாப்பாட்டு மேசை அளவு இடத்தில் 60 உயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனைக்கும் மூச்சு விடப் பிராணவாயு போதாது. அதனால் இரவு பகலாக ஏரேட்டர் சுழல வேண்டும். போடும் தீவனத்தில் இருக்கும் நைட்ரஜனில் பாதிக்கும் குறைவுதான் இறாலின் உடம்பில் சேரும். மீதி கழிவாகத் தண்ணீரிலும் அடிச்சேற்றிலும் தங்கும். அறுவடை முடிந்ததும் அந்தத் தண்ணீர் எங்கேயாவது போயாக வேண்டும். சுத்தம் செய்துவிட்டால் செலவு பண்ணைக்காரருக்கு. அப்படியே வாய்க்காலில் விட்டால் செலவு கீழே இருப்பவர்களுக்கு.

அடுத்தது உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இறால் குட்டையில் அதைவிடக் குறைவாக வைப்பார்கள். ஆனால் நெல்லுக்கு 2 கிராம் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கிவிடும். கரை கட்டிய குட்டையின் நீர்மட்டம் பக்கத்து வயலைவிட உயரத்தில் இருக்கும். அடியில் சரியான களிமண் இல்லாவிட்டால் உப்புநீர் கசிந்து வயலுக்கு வரும். தண்ணீருக்கு வரப்பும் தெரியாது, பட்டாவும் தெரியாது.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. கடலோர ஊர்களில் நிலத்தடி நன்னீர், அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டு இருக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீரின் அடர்த்தி 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டால், கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே 40 மீட்டர் நன்னீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள். குட்டையின் உப்பைக் குறைக்க யாராவது நன்னீரை இறைத்து மட்டத்தை 1 மீட்டர் தாழ்த்தினால், கீழிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் மேலே வரலாம். பாடப் புத்தகத்தில் இது ஒரு வரிச் சமன்பாடு. ஊரில் இதுதான் ஒரு தெருவின் குடிதண்ணீர்.

நாகப்பட்டினத்தில் நடந்த வழக்கு

இந்தக் கேள்வி தமிழ் மண்ணில் ஏற்கெனவே நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நம் வயதில் பலருக்கு அது தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சங்கரலிங்கம் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் என்று ஒரு தம்பதி. காந்தியவாதிகள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, இவர்கள் கீழத்தஞ்சையில் வந்து தங்கி நிலமற்றவர்களுக்காக உழைத்தார்கள். 1981-இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உழுபவனின் நில விடுதலை என்பது அந்தப் பெயரின் பொருள். நிலம் இல்லாத பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுப்பதுதான் வேலை.

1990-களின் தொடக்கத்தில் அதே கடற்கரையில் இறால் பண்ணைகள் வேகமாகப் பரவின. நெல் விளைந்த நிலம் குட்டையானது. நடவு, களையெடுப்பு, அறுவடை என்று ஊர்ப் பெண்கள் பலருக்கு வேலை தந்த வயல் அது. குட்டைக்கு வேண்டியது ஒரு காவல்காரரும் தீவனம் போட இரண்டு மூன்று பேரும். கிணறுகளில் உப்பு ஏறுவதாக மக்கள் முறையிட்டார்கள். ஜெகந்நாதன் சத்தியாகிரகம் இருந்தார், உச்ச நீதிமன்றத்தில் மனுவும் போட்டார்.

நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை நேரில் பார்த்து அறிக்கை தரும்படி நீதிமன்றம் சொன்னது. வருமானத்தைவிடச் சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் ஏற்படும் சேதம் அதிகம் என்று அவர்கள் கணக்குக் காட்டினார்கள். 1996 டிசம்பர் 11-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. பாரம்பரிய முறைகளைத் தவிர மற்ற இறால் பண்ணைகளைக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்திலிருந்து 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும் என்றது. மாசுபடுத்தியவரே சேதத்துக்கு ஈடு கட்ட வேண்டும் என்றது. வேலை இழக்கும் தொழிலாளர்களுக்குச் சட்டப்படி வரும் இழப்பீட்டோடு ஆறு ஆண்டுச் சம்பளமும் கூடுதலாகத் தரச் சொன்னது. இந்தக் கடைசி உத்தரவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. கெட்டதை நிறுத்தும்போதும் யாருடைய வயிற்றில் அடிக்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்ற நினைப்பு அதில் இருக்கிறது.

தீர்ப்பு சொன்னபடி எல்லாம் நடக்கவில்லை. மறுஆய்வு மனுக்கள் வந்தன, இடிப்பது நின்றது. 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஆணையம் ஒன்றை ஏற்படுத்தி, பண்ணைகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் வழிக்கு வந்தது. உயர் அலை எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் புதுப் பண்ணை கூடாது. சதுப்புநிலக் காட்டையோ விளைநிலத்தையோ குட்டையாக்கக் கூடாது. 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள பண்ணையில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் குட்டை இருக்க வேண்டும். இப்படி விதிகள் வந்தன.

தொழில் சுருங்கவில்லை, வளர்ந்தது. 2023-24-இல் இந்தியா ஏற்றுமதி செய்த கடலுணவின் மதிப்பு 60,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் உறைய வைத்த இறால் மட்டுமே ஏறத்தாழ 40,000 கோடி. மூன்றில் இரண்டு பங்கு. அதில் பெரும்பகுதி ஆந்திரக் குட்டைகளிலிருந்து வருகிறது. கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 2008-இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் வாழ்வுரிமை விருதைப் பெற்றார்கள். விருதும் வந்தது, இறாலும் வளர்ந்தது.

பெரியப்பாவின் ஆறு மா

எங்கள் தாத்தா அந்தப் பக்கத்திலிருந்துதான் சிங்கப்பூர் துறைமுக வேலைக்கு வந்தார். ஊரில் பெரியப்பா இருக்கிறார். போன ஆண்டு விடுமுறையில் போயிருந்தபோது அவருடைய ஆறு மா நிலத்தைப் பார்க்கப் போனேன். ஆறு மா என்றால் 2 ஏக்கர். இப்போது அது வயல் இல்லை, இறால் குட்டை. குத்தகைக்கு விட்டிருக்கிறார்.

"முன்னாடி பக்கத்துல ரெண்டு பேரு குட்டை போட்டாங்க தம்பி. நம்ம நெல்லு வருஷா வருஷம் கொறஞ்சுது. அப்புறம் நான் மட்டும் நெல்லு போட்டு என்ன பண்றது? நானும் விட்டுட்டேன்" என்றார்.

"அப்போ இறாலாலதானே பெரியப்பா நிலம் கெட்டுச்சு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "சுனாமித் தண்ணி வந்து நின்னுச்சு. காவிரித் தண்ணி ஒழுங்கா வர்றதில்ல. ஊரெல்லாம் போர் போட்டு உறிஞ்சுறான். எதால உப்பாச்சுன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்? நீதான் இன்ஜினியருக்குப் படிக்கிற, நீ சொல்லு."

அந்தக் குத்தகைப் பணத்தில்தான் அக்கா நர்சிங் படித்து முடித்தார். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குட்டை போட்டவர்கள் எல்லாரும் பணக்கார முதலாளி, நாசமானவர்கள் எல்லாரும் ஏழை விவசாயி என்று எழுதுவது சுலபம். எங்கள் குடும்பத்தில் இரண்டும் ஒரே ஆள்.

பெரியப்பாவின் பதில் என்னை ரொம்ப நாள் விடவில்லை. அவர் சொன்னது சரி. ஒரு கிணற்றில் உப்பு ஏறினால் அதற்கு நாலு காரணம் இருக்கலாம். இந்தச் சொட்டு சுனாமியினுடையது, இந்தச் சொட்டு குட்டையினுடையது என்று பிரிக்க முடியாது. அப்படியானால் யாருக்கும் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடுமா?

இதற்கும் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் பதில் இருக்கிறது. அதே 1996-இல், ஆகஸ்ட் 28 அன்று, பாலாற்றை நாசம் செய்த தோல் பதனிடும் ஆலைகள் மீது வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில், முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சேதம் வரும் என்பதற்கு முழு அறிவியல் நிச்சயம் இல்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தான் செய்வதால் தீங்கு இல்லை என்று நிரூபிக்கும் பாரம், செய்பவர் தலையில். பாதிக்கப்பட்டவர் தலையில் இல்லை.

எவ்வளவு நியாயமான யோசனை இது! குடத்தோடு நிற்கும் ஒரு பெண்ணிடம் போய், "இந்த உப்பு எங்கிருந்து வந்ததுன்னு நிரூபி" என்று கேட்பது எப்படி நியாயமாகும்? அவரிடம் ஆய்வுக்கூடமும் இல்லை, வக்கீலும் இல்லை. இலாபம் யாருக்குப் போகிறதோ அவரிடம்தான் இரண்டும் இருக்கின்றன.

ஆனால் இலாபம் பண்ணைக்காரரோடு நிற்கவில்லை. ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், பேரங்காடி, உணவங்காடிக் கடை என்று வந்து, மலிவான விலை என்ற உருவில் கடைசியாக என் தட்டிலும் விழுகிறது. கழிவுநீரைச் சுத்தம் செய்யாததால் மிச்சமான காசில் ஒரு பங்கு எனக்கும் கிடைத்திருக்கிறது. அப்படியானால் பொறுப்பில் ஒரு பங்கு?

ஐந்து இடங்கள்

நம் தர்ம சாஸ்திரங்களில் பஞ்ச சூனை என்று ஒன்று வருகிறது. இல்லறத்தானின் வீட்டில் தினமும் உயிர்கள் சாகும் ஐந்து இடங்கள்: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க் குடம். கவனியுங்கள், இதில் கத்தி இல்லை. சைவச் சமையல் செய்யும் வீட்டிலும் இந்த ஐந்தும் உண்டு. எறும்பு, புழு, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அங்கே சாகின்றன. வாழ்ந்தால் யாரையாவது துன்புறுத்தாமல் முடியாது என்ற உண்மையை இது நேராகப் பார்க்கிறது.

அதற்காக அடுப்பை அணைத்துவிடு என்று சொல்லவில்லை. நீ கடன்பட்டிருக்கிறாய், தினமும் திருப்பிக் கொடு என்கிறது. அதற்குத்தான் ஐந்து மகா யக்ஞங்கள்: கற்றுக்கொடுத்தவர்களுக்கு, தேவர்களுக்கு, முன்னோர்களுக்கு, பிற உயிர்களுக்கு, வாசலில் வந்து நிற்கும் மனிதர்களுக்கு. காகத்துக்குச் சோறு வைக்கும் பாட்டிகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது வெறும் பழக்கம் இல்லை, தவணை கட்டுவது.

இந்த முறை வேலை செய்ததற்கு ஒரு காரணம், அந்த ஐந்து இடங்களும் வீட்டுக்குள்ளேயே இருந்தன. அம்மியில் என்ன நசுங்குகிறது என்று அரைப்பவருக்குத் தெரியும். இன்று நம் அடுப்பு ஈசூனில் இருக்கிறது, அம்மி நெல்லூரில் இருக்கிறது, தண்ணீர்க் குடம் நாகப்பட்டினத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் தன் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு. நம்முடைய சூனைகள் நம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றன. கடன் அதனால் குறைந்துவிடவில்லை. யாரிடம் கடன்பட்டிருக்கிறோம் என்பதுதான் மறந்துபோனது.

இதனால்தான் "சைவமா மாறிட்டா போதும்" என்பதை முழுப் பதிலாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. சைவமாக மாறுகிறவர்களை நான் மதிக்கிறேன். இறாலின் உயிரைப் பற்றிய கேள்விக்கு அது நேர்மையான பதில். ஆனால் நிலத்தடி நீரை உறிஞ்சி விளைந்த அரிசியும், காட்டை வெட்டி வைத்த செம்பனையின் எண்ணெயும் சைவம்தான். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் போராடியபோது மக்களிடம் இறால் தின்னாதே என்று சொல்லப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீரைக் கெடுக்காதே என்றார்கள். அந்தக் கோரிக்கை சைவருக்கும் அசைவருக்கும் பொது.

"கடல் இறால் சாப்பிடலாமே?"

இப்படிச் சொல்லும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கடலில் இறாலை அதிகம் பிடிப்பது அடிமடியை வாரும் இழுவை வலை. இறாலோடு சேர்ந்து குஞ்சு மீனும், வேண்டாத உயிர்களும் அள்ளிக்கொண்டு வரும். பாக் நீரிணையில் தமிழ்நாட்டு இழுவைப் படகுகளுக்கும் வட இலங்கைத் தமிழ் மீனவர்களுக்கும் நடக்கும் சண்டையின் பின்னால் இறாலுக்கும் பெரிய பங்கு உண்டு. இலங்கை 2017-இல் இழுவை மடியையே சட்டத்தால் தடை செய்தது. போரில் எல்லாவற்றையும் இழந்து மறுபடி கடலுக்கு இறங்கிய யாழ்ப்பாணத்து மீனவரின் வலையை அறுத்துக்கொண்டு போவதும் இறாலுக்காகத்தான். பண்ணையை விட்டுக் கடலுக்குப் போனால் கை சுத்தம் என்று சொல்ல முடியாது. பண்ணைத் தீவனத்தில் மீன் தூள் இருப்பதால், பண்ணையும் கடலிலிருந்து முழுசாகப் பிரிந்து நிற்பதில்லை.

"அப்போ கட்டடத்துக்குள்ள தொட்டியில வளர்க்கலாமே?" இது என் வகுப்பு நண்பர்களின் கேள்வி. சிங்கப்பூரிலேயே அப்படி முயன்றிருக்கிறார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் வயலும் கிணறும் தப்பிக்கும். எனக்கும் இதில் ஆர்வம் உண்டு. ஆனால் பம்பு, வடிகட்டி, பிராணவாயு எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 சதவீதம் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. பாரம் தண்ணீரிலிருந்து காற்றுக்கு மாறுகிறது. குறையலாம், ஆனால் மறையாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, எதுவும் சரியில்லை, அப்புறம் எதற்குக் கவலை என்று நினைக்கத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. எல்லாமே ஓரளவு தப்பு என்பதால் எல்லாமே ஒரே அளவு தப்பு ஆகிவிடாது.

கேரளத்தின் பொக்காளி வயல்களை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் உப்பு குறைவாக இருக்கும்போது உப்பைத் தாங்கும் நெல். அறுவடைக்குப் பின் மதகைத் திறந்து அலைநீரை விட்டு அதே வயலில் இறால். நெல்லின் தாள் அழுகி இறாலுக்கு உணவாகும். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகும். விளைச்சல் குறைவு, வேலை அதிகம். ஆனால் நூற்றாண்டுகளாக அதே நிலம் இரண்டையும் கொடுக்கிறது. 1996 தீர்ப்பு பாரம்பரிய முறைக்கு விலக்கு அளித்தது இது போன்ற வழிகளை மனதில் வைத்துத்தான்.

இன்னோர் உதாரணம் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிராஞ்சியைத் தாண்டி இருக்கும் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்குப் பள்ளியில் படிக்கும்போது போயிருப்பீர்கள். அங்கே இருக்கும் குளங்கள் பல, பழைய இறால் குட்டைகள் என்பது தெரியுமா? சதுப்புநிலக் காட்டில் கரை கட்டி மதகு வைத்திருந்தார்கள். ஏற்றத்தில் மதகைத் திறந்தால் கடல்நீரோடு இறால் குஞ்சும் உள்ளே வரும். வற்றத்தில் மதகில் வலை கட்டிப் பிடிப்பார்கள். இதற்கும் காடு வெட்டப்பட்டது, அதை மறைக்க வேண்டாம். 1986-இல் மலாயா இயற்கைச் சங்கத்தைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் அங்கே வலசைப் பறவைகள் வருவதைக் கவனித்தார்கள், காப்பாற்றச் சொல்லி அரசாங்கத்திடம் கேட்டார்கள். 1989-இல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, 1993 டிசம்பரில் திறக்கப்பட்டது. இன்றும் அதே மதகுகளை வைத்துத் தண்ணீர் மட்டத்தைச் சரிசெய்கிறார்கள், இம்முறை பறவைகளுக்காக. குட்டை போட்ட இடம் என்றைக்கும் பாழ்தான் என்பது விதி இல்லை என்று அது காட்டுகிறது. ஆனால் யாராவது கவனிக்க வேண்டும், கேட்க வேண்டும், பிறகு பல ஆண்டு பராமரிக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

இறாலையே விட்டுவிடுங்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தோன்றிய மூன்று விஷயங்களைச் சொல்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாக வாதம் செய்யலாம்.

முதலாவது, கேளுங்கள். "அண்ணே, இது எந்த ஊர் இறால்? பண்ணையா, கடலா?" ஈரச்சந்தையில் இதைக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கடைக்காரருக்குப் பல சமயம் நாடு மட்டும்தான் தெரியும். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். பேரங்காடியில் சான்றிதழ் முத்திரை உள்ள பொட்டலங்கள் கிடைக்கின்றன. உதாரணமாக, ஏஎஸ்சி முத்திரைக்கு 1999-க்குப் பிறகு சதுப்புநிலக் காட்டை அழித்துப் போட்ட பண்ணை தகுதி பெறாது. முத்திரையை வேதவாக்காக எடுக்க வேண்டாம். எங்கள் பெரியப்பா போன்ற சிறியவர்களுக்கு அந்தச் சான்றிதழின் செலவு கட்டுப்படியாகாது. ஆனாலும் கேள்வி கேட்பவருக்கு அது ஒரு தொடக்கம்.

இரண்டாவது, குறைவாகச் சாப்பிட்டு நியாயமான விலை கொடுங்கள். இறால் ஒரு காலத்தில் விசேஷ நாள் உணவு. பஃபேயில் அளவில்லாமல் அள்ளி, பாதியை மிச்சம் வைத்துவிட்டு வரும் பொருளாக அது மாறியதற்கு விலை மலிந்ததும் ஒரு காரணம். புரட்டாசியில் ஒரு மாதம் நாக்கைக் கட்ட முடிந்த நமக்கு, மற்ற பதினொரு மாதத்திலும் கொஞ்சம் அளவு பார்ப்பது முடியாத காரியமா? விரதம் என்பது நாள்காட்டியோடு முடிந்துவிட்டால் அதன் பலன் பாதிதான்.

மூன்றாவது, திருப்பிக் கொடுங்கள். பூத யக்ஞம் என்று நம் முன்னோர் சொன்னதற்கு இன்றைய உருவம் என்னவாக இருக்கலாம்? கோவில் அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கப் போகும் நாம், ஆண்டுக்கு இரண்டு நாள் சதுப்புநிலக் கரையில் குப்பை பொறுக்கும் தொண்டூழியத்துக்கும் போகலாம். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் நம் இளையர் குழு இதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன்.

பொறியியல், உயிரியல், வணிகம், சட்டம் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. நம்மில் சிலர் நாளைக்குத் தண்ணீர் சுத்திகரிப்பு ஆலை கட்டுவோம். சிலர் உணவு இறக்குமதி நிறுவனத்தில் கொள்முதல் அதிகாரியாக உட்காருவோம். கொட்டேஷனில் மலிவான எண்ணைப் பார்த்ததும், இது ஏன் மலிவு, யாருடைய கணக்கில் எழுதாமல் விட்ட செலவு இது என்று கேட்கும் இடத்தில் நாம் இருப்போம். ஆயிரம் பேர் கடையில் கேட்கும் கேள்வியைவிட அந்த நாற்காலியில் இருக்கும் ஒருவர் கேட்கும் கேள்வி தூரம் போகும்.

பெரியப்பா என்னிடம் கேட்டதற்கு இன்னும் நான் முழுப் பதில் சொல்லவில்லை. கிணற்று நீரின் உப்பை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை அனுப்பியிருக்கிறேன். மாதம் ஒரு முறை அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மழைக்கு முன், மழைக்குப் பின், குட்டையில் தண்ணீர் மாற்றிய பின் என்று மூன்று ஆண்டு எழுதினால், எதனால் எவ்வளவு என்று கொஞ்சமாவது தெரியவரும். குட்டை பக்கம் சாய்ந்தால் அடுத்த குத்தகையை எப்படி எழுதுவது என்று அப்போது உட்கார்ந்து பேசுவோம் என்றேன். "சரிப்பா, எழுதுறேன்" என்றார். இதுவரை நாலு மாதக் கணக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது.